தறி மிதித்த கால்கள்

சேலத்தில் இதய அறுவைப் பிரிவில் இயன்முறை சிகிச்சையாளராக வேலை பார்க்கும் இத்தனை ஆண்டுகளில், நோயாளியிடம் பேசியதைவிட அவருடைய வீட்டாரிடம் பேசியதுதான் அதிகம். நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றியவரை மறுநாளே எழுப்பி உட்காரவைப்பது அவர்கள் கண்ணுக்குக் கொடுமையாகத் தெரிகிறது. அந்தப் பதற்றம் அன்பிலிருந்து வருவது என்பதால் அதைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அம்மாப்பேட்டையிலிருந்து வந்த கைத்தறி நெசவாளர் ஒருவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நாற்பதைக் கடந்த பெண். சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல், பல ஆண்டுகள் கழித்து, இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கியிருந்தது. அதை அகற்றிவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள். மறுநாள் பார்வையாளர் நேரத்தில், வடிகுழாய்கள் இருக்கும்போதே அவரைக் கட்டிலோரம் உட்காரவைக்கப் போனேன். “வேண்டாங்க, தையல் பிரிஞ்சுருமுங்க” என்று கணவர் குறுக்கே வந்தார். நெஞ்செலும்பைக் கம்பியால் இறுகக் கட்டியிருக்கிறார்கள், உட்காருவதால் அது பிரியாது, ஆனால் அவர் கைகளை ஊன்றி எழுந்தாலோ நீங்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ அந்த எலும்பு இழுபடும் என்று பொறுமையாக விளக்கினேன்.

படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். கெண்டைக்காலில் இரத்தம் தேங்கி உறையும். சளிக்கு, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமவும், மூச்சை உள்ளிழுத்தால் பந்துகள் மேலெழும் மூச்சுப்பயிற்சிக் கருவியை உறிஞ்சவும் கற்றுக்கொடுத்தேன். கெண்டைக்காலுக்காகப் பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொன்னபோது அவருக்குப் பிடிபடவில்லை. சற்று யோசித்துவிட்டு, “தறி மிதிக்கிற மாதிரியா கண்ணு?” என்று கேட்டார். அதன் பிறகு நான் எண்ணவே வேண்டியிருக்கவில்லை. குழித்தறியின் மிதிபலகைகளை மாற்றி மாற்றி அழுத்தும் தாளத்தில் போர்வைக்கடியில் இரு பாதங்களும் அசைந்துகொண்டிருந்தன.

1966இல் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்துச் சோதித்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களுடைய உச்சத் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. ஒரு நோயும் இல்லாத இளைஞர்களுக்கே அந்த நிலை என்றால், பல ஆண்டுகள் மூச்சிரைப்போடு வாழ்ந்து, மெலிந்த தசைகளோடு அறுவைக்கு வருகிறவரை ஓய்வு என்ற பெயரில் நாம் எங்கே கொண்டுபோய் விடுகிறோம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்காக அவசரப்படவும் கூடாது. பணியில் சேர்ந்த புதிதில், ஓய்விலிருக்கும்போதுள்ள இதயத் துடிப்பைவிட நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் கூடக்கூடாது என்ற வரம்பை மட்டும் நம்பி, ஒருவரை வராந்தாவில் இரண்டாவது சுற்று நடக்கவைத்தேன். அவர் மெட்டோபுரோலால் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. மானிட்டரில் எண் அமைதியாக இருக்க, அவர் முகம் வெளிறி, வியர்த்துச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் தேறிவிட்டார் என்றாலும் அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து கூடவே பேசிக்கொண்டு நடக்கிறேன். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே நாற்காலி. வால்வு அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் துடிப்பு தாறுமாறாவது சாதாரணம் என்பதால், நடக்கும் முன்பும் பின்பும் நாடியை விரலால் பிடித்துப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஊரையும் கேட்டாக வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து வருகிறவரிடம் தினமும் நடங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டால், வாசலைத் தாண்டியதுமே அவருக்கு ஏற்றம்தான். முதல் வாரங்களுக்கு வீட்டு முற்றத்திலேயே எண்ணி நடக்கச் சொல்கிறேன்.

ஆறாம் வாரம் நெசவாளர் அம்மா மறுபரிசோதனைக்கு வந்தார். ஆறு நிமிட நடையில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. எப்போது தறியில் உட்காரலாம் என்றுதான் முதலில் கேட்டார். நாடா இழுப்பதும் பலகை அடிப்பதும் நெஞ்செலும்பை நேராக இழுக்கும் வேலைகள்; மூன்று மாதம் ஆகட்டும், மருத்துவர் பார்த்துச் சொல்வார் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். அன்று குறுக்கே வந்த கணவர் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, ஒரு படி பின்னால், அவரைத் தொடாமல் இறங்கிப் போனார்.