பணம் தயார், யாரிடம் கொடுப்பது?

எங்கள் குழுவில் யாரும் கோடீஸ்வரர் இல்லை. ஒரு காலத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, அப்புறம் ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விட்டவர்கள். மாதச் சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் பொதுக் கணக்கில் போட்டு வந்தோம். தொகை சேர்ந்துகொண்டே போனது, எங்கே கொடுப்பது என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்ததும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும் என்றார்கள். எல்லோரும் மௌனமாக இருந்தபோது நான் தொண்டையைச் செருமிவிட்டேன் போலிருக்கிறது, பொறுப்பு என்னிடம் வந்தது. இப்படி நண்பர்கள் சேர்ந்து சின்ன நிதி நடத்துபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் சண்டை, எந்தப் பிரச்சினைக்குக் கொடுப்பது என்பதில். ஒருவருக்குப் பெண் கல்வி, ஒருவருக்குப் பருவநிலை, இன்னொருவருக்குப் பசி. எல்லாமே நியாயம்தான். எது பெரிய துயரம் என்று வாதாட ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம். அதனால் கேள்வியை மாற்றினோம். எங்களிடம் இருக்கிற அளவு பணம் போனால் அங்கே ஏதாவது அசையுமா?

அதற்காக நிறையப் படித்தோம். என்னைப் பிடித்துக்கொண்டது, உடலுக்குள் புழு வளரும் நரம்புச் சிலந்தி நோயின் கதை. 1986-ல் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கார்ட்டர் மையம் அதில் இறங்கியபோது ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு அந்த நோய் வந்துகொண்டிருந்தது. தடுப்பூசி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. குடிக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்ல வேண்டும், புழு வெளியே வரும் நாட்களில் நோயாளி குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இதையே ஊர் ஊராகப் போய்ச் சலிக்காமல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். 2023-ல் உலகம் முழுக்க மனிதர்களிடம் பதிவானது வெறும் 14. நாட்டை ஆண்ட ஒருவர், பதவி போன பிறகு தன் பெயரையும் தொடர்புகளையும் ஒரு புழுவின் பின்னால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செலவழித்திருக்கிறார். போலியோவிலும் இதே பிடிவாதத்தைப் பார்க்கலாம். ரோட்டரி அமைப்பு 1985-ல் அதைக் கையில் எடுத்தது. 1988-ல் உலகளாவிய ஒழிப்பு முயற்சி தொடங்கியபோது ஆண்டுக்குச் சுமார் 3.5 லட்சம் பேர் பாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ரோட்டரி திரட்டிய பணத்தில் சாதாரண உறுப்பினர்கள் கொடுத்த சின்னத் தொகைகளும் உண்டு. அது எங்களுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

கடைசியில் இடம்பெயர்ந்த மக்கள் என்று முடிவானது. ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி, 2024 இறுதியில் போராலும் வன்முறையாலும் துன்புறுத்தலாலும் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேல் சொந்த நாட்டின் எல்லையைக்கூடத் தாண்டாதவர்கள். எல்லையைத் தாண்டாதவர் செய்தியிலும் அதிகம் வருவதில்லை, உதவியும் அவர்களைத் தேடி லேசில் போவதில்லை.

குழுவில் ஒருவர், “பெரிய பேரிடர் வரும்போது மொத்தமாகக் கொடுத்துவிடலாமே, அப்போதுதானே தேவை?” என்றார். அவருக்கு 2004 சுனாமியை நினைவுபடுத்தினேன். உலகமே அள்ளிக் கொடுத்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே, சுனாமிக்கென்று தனியாகப் பணம் அனுப்ப வேண்டாம், எங்கள் பணிக்குத் தேவையானது சேர்ந்துவிட்டது என்று பகிரங்கமாகச் சொன்னது. வந்த பணத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கொடையாளர்களிடம் அனுமதியும் கேட்டது. பணம் வந்து குவிகிற நேரத்தில் போதும் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மற்ற அமைப்புகளில் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பதும் தெரிந்த கதைதான். எனக்கு அதுதான் தலைமை என்று படுகிறது. நண்பர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இன்னொருவர் புதுமையான கருவி ஒன்றுக்குப் பணம் கொடுக்கலாம் என்று காணொளி அனுப்பினார். பார்க்க அருமையாக இருந்தது. எனக்கு உடனே பிளேபம்ப் ஞாபகம் வந்தது. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் மேலே ஏறும் என்ற ஏற்பாடு. 2006-ல் பெரிய மேடையில் அறிவித்து, ஆப்பிரிக்காவில் 2010-க்குள் 4,000 பம்புகள் வைப்போம் என்றார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றியது பெண்கள்தான். ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்ற வாக்குறுதி நிறைவேறக் குழந்தைகள் ஒரு நாளில் 27 மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும் என்று கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. முன்னின்று பணம் கொடுத்த கேஸ் அறக்கட்டளை, 2010-ல் இது நினைத்தபடி நடக்கவில்லை என்று தானே எழுதி வெளியிட்டது. இதைச் சொன்ன பிறகும் அந்தக் காணொளி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சில நாள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் தூக்குகிற பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்ற ஒரு கேள்வியை மட்டும் எங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம்.

அப்புறம் அமைப்பைத் தேடும் வேலை. நல்ல வலைத்தளம் இருப்பது நல்ல வேலைக்கு அத்தாட்சி இல்லை என்பதால் விளம்பரங்களை ஒதுக்கிவிட்டோம். ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம், எந்த நெருக்கடிக்கு யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரத்தைப் பொதுவில் வைத்திருக்கிறது. அதைப் பொறுமையாகப் புரட்டினால் பணம் எங்கே குவிகிறது, எங்கே வறண்டு கிடக்கிறது என்று தெரியும். களத்தில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டோம். பெரிய சர்வதேச அமைப்புகள் தங்கள் கீழ் யாரை நம்பி வேலை ஒப்படைக்கின்றன என்று கேட்டால் நல்ல பெயர்கள் கிடைக்கும். இதற்கு ஒரு பின்னணி உண்டு. 2016-ல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில், பெரிய கொடையாளர்களும் உதவி அமைப்புகளும் சேர்ந்து, 2020-க்குள் நிதியில் கால்பங்காவது முடிந்தவரை நேராக உள்ளூர் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்று உடன்பட்டார்கள். அந்தக் கெடு முடிந்தும் இலக்கு எட்டாத தூரத்தில்தான் இருந்தது. வேலை செய்வது உள்ளூர்க்காரர், பணமும் முடிவும் வேறு கண்டத்தில்.

சரிபார்ப்பில் நாங்கள் எதையும் விடவில்லை. பதிவுச் சான்றிதழ், கடந்த ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை, நிர்வாகக் குழுவில் யார் யார், ஒருவருக்கொருவர் உறவா, காசோலையில் எத்தனை பேர் கையெழுத்து, குழந்தைகளையும் பெண்களையும் ஊழியர்களிடமிருந்தே பாதுகாக்க என்ன விதி, புகார் வந்தால் யாரிடம் போகும். தணிக்கை அறிக்கையில் முதல் பக்கத்தை விடப் பின்னால் இருக்கும் குறிப்புகளில்தான் விஷயம் இருக்கும். குறிப்பிட்ட திட்டத்துக்கென்று வந்த பணம் எவ்வளவு, அமைப்பு தன் விருப்பப்படி செலவு செய்யக்கூடியது எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். எங்களுக்குப் பிடித்துப்போன ஒரு சிறிய அமைப்பில் இரண்டாவது தொகை கிட்டத்தட்ட பூஜ்யம். ஆண்டு முழுக்கக் கோடிக்கணக்கில் பணம் கைமாறுகிறது, ஆனால் ஜெனரேட்டர் பழுதானால் எடுத்துச் செலவழிக்கக் காசு இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் விண்ணப்பப் படிவம் பற்றிய தகராறு வந்தது. நிதித்துறையில் இருக்கும் நண்பர் நீளமான படிவம் ஒன்றைத் தயாரித்தார். அதைப் பார்த்துவிட்டு அந்த அமைப்பின் தலைவி பணிவாக ஒரு பதில் போட்டார். “எங்களிடம் கணக்காளர் ஒருவர்தான். இதை அவர்தான் நிரப்ப வேண்டும். இந்த வாரம் அவர் போர்வை விநியோகத்தில் நிற்கிறார். வேறொரு கொடையாளருக்கு எழுதிய விண்ணப்பம் இருக்கிறது, அதையே அனுப்பலாமா?” நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. அமெரிக்கக் கொடையாளர் மக்கென்சி ஸ்காட் 2020-ல் மட்டும் சுமார் 600 கோடி டாலரை விண்ணப்பமே கேட்காமல், எப்படிச் செலவழிப்பது என்று நிபந்தனையும் போடாமல் கொடுத்ததை ஒருவர் எடுத்துவிட்டார். “அவருக்குப் பின்னால் விசாரித்துச் சொல்ல ஒரு படையே இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது?” என்றார் நண்பர். அவர் சொன்னதும் சரிதான். பணம் கொடுப்பதற்கு முன் வேண்டிய மட்டும் குடைவது, கொடுத்த பிறகு கையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். பழைய விண்ணப்பத்தையே வாங்கிக்கொண்டோம். எங்கள் படிவத்தில் இருந்த முக்கால்வாசிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருந்தது.

காணொளி அழைப்பில் தலைவியிடம் பேசியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்கள் வேலை செய்யும் முகாமில் எத்தனை கழிப்பறைகள் என்று கேட்டோம். அவசர உதவிக்கான ஸ்பியர் தரநிலைப்படி 20 பேருக்கு ஒன்று இருக்க வேண்டும், அதைப் படித்துவிட்டுத்தான் கேட்டோம். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றார். பிறகு, “ஆனால் இருட்டிய பிறகு பெண்கள் போவதில்லை” என்றார். கதவு இருக்கிறது, உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. கட்டிக் கொடுத்த திட்டத்தின் மதிப்பீட்டில் கதவு வரைக்கும்தான் எழுதியிருந்தது, திட்டமும் முடிந்துவிட்டது. தாழ்ப்பாளுக்கும் விளக்குக்கும் யாருடைய தலைப்பிலும் பணம் இல்லை. பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் சொன்னபோது எங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கொடையாளருக்குப் போன அறிக்கையில் அந்த வேலை நூறு சதவீதம் முடிந்ததாக இருக்கும்.

அதற்குப் பிறகு நிர்வாகச் செலவு பற்றிய வாக்குவாதம் சுலபமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் சம்பளத்துக்கும் வாடகைக்கும் போகக் கூடாது என்று இரண்டு பேர் பிடிவாதமாக நின்றார்கள். நான் கேட்டது இதுதான்: கணக்குச் சரியாக வேண்டும் என்கிறோம், கணக்காளர் சம்பளத்தைக் கொடுக்க மாட்டோம் என்கிறோம், அப்படியென்றால் கணக்கை யார் எழுதுவது? சரித்திரம் படிக்கும் தோழி ஒருத்தி கார்னகியை இழுத்து வந்தாள். ஆண்ட்ரூ கார்னகி நூலகம் கட்டப் பணம் கொடுத்தபோது, நிலத்தை ஊர் தர வேண்டும், கட்டடத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஊரே ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். கட்டடம் மட்டும் இருந்தால் நூலகம் ஓடாது என்று இரும்பு வியாபாரிக்குத் தெரிந்திருந்தது. வரி வசூலிக்கும் ஊராட்சியிடம் அந்த நிபந்தனையை வைக்கலாம், முகாமில் இருக்கும் மக்களிடம் வைக்க முடியுமா? அப்படியானால் அந்தப் பங்கைக் கொடையாளர்தான் ஏற்க வேண்டும் என்றாள். வாக்கெடுப்பில் ஜெயித்தோம். எதிர்த்தவர்களில் ஒருவர் குழுவைவிட்டு விலகினார். இன்றும் நல்ல நண்பர்தான், ஆனால் இந்த விஷயத்தில் அவர் மனம் மாறவில்லை.

ஒப்பந்தம் சின்னதாகத்தான் இருந்தது. மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு தவணை, எதற்குச் செலவழிப்பது என்பதை அமைப்பே தீர்மானிக்கும். அறிக்கை அவர்களுடைய வடிவத்திலேயே வரலாம். மோசடியோ பாலியல் அத்துமீறலோ நடந்தால் உடனே சொல்ல வேண்டும், மறைத்தால் அடுத்த தவணை நிற்கும். பயனாளிகளின் முகம் தெரியும் படங்களை எங்களுக்கு அனுப்பக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் எங்கள் உறுப்பினர்களுக்கு வருத்தம். கொடுத்தது போய்ச் சேர்ந்ததற்கு ஒரு படமாவது வேண்டாமா என்றார்கள். போர்வை வாங்கக் கையேந்தி நிற்கும்போது நம்மை யாராவது படம் எடுத்தால் எப்படியிருக்கும் என்று கேட்டதும் பெரும்பாலானவர்கள் அடங்கிவிட்டார்கள்.

பணம் அனுப்புவது தனிக் கூத்து. மோதல் நடக்கும் நாடு என்றாலே வங்கிகள் மிரளும், தீவிரவாத நிதித் தடைச் சட்டங்களுக்கு ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு மாதிரி அர்த்தம் சொல்லும். எங்கள் முதல் தவணையை இடையில் இருந்த ஒரு வங்கி காரணம் சொல்லாமல் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தது. இதில் இறங்குபவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. முதலில் சிறு தொகையை அனுப்பிப் பாதையைச் சோதித்துப் பாருங்கள். ஒப்பந்தம், பதிவுச் சான்று, தடைப்பட்டியலில் பெயர் இல்லை என்று சரிபார்த்த தாள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள், கேட்ட உடனே நீட்டலாம். இது முடியாதவர்கள், வெளிநாட்டு அமைப்புகளுக்குப் பணம் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் இடைநிலை அறக்கட்டளை வழியாகப் போகலாம். கொஞ்சம் கட்டணம் பிடிப்பார்கள், தலைவலி அவர்களுடையது.

முதல் அறிக்கை மூன்று பக்கம். முதல் பக்கத்திலேயே, நாணய மதிப்புச் சரிந்ததில் தொகையில் ஒரு பகுதி போய்விட்டது, திட்டமிட்ட பயிற்சி ஒன்றை நிறுத்திவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். வேறு யாருக்காவது எழுதியிருந்தால் இந்த வரி கடைசிப் பக்கத்துக்குப் போயிருக்கும் என்று தலைவி பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். தாழ்ப்பாளும் சூரிய விளக்குகளும் போட்டாகிவிட்டன. கணக்காளருக்கு உதவியாக ஒருவரைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று விதி போட்டிருந்தோம். இப்போது அது படிவம் தயாரித்த நண்பரிடம் போயிருக்கிறது. நாணயச் சரிவுக்காக அடுத்த தவணையில் சிறிது கூட்டித் தரலாம் என்ற யோசனையை அவரே குழுவில் வைத்திருக்கிறார். வாக்கெடுப்பு இன்னும் முடியவில்லை.