தீம் எதுவும் இறக்காமல் ப்ராம்ப்டை மாற்றிய கதை

பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் தொழிற்சாலை ஒன்றில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் மாலைவரை டெர்மினல்தான். ஒரே திரையில் ஐந்தாறு விண்டோ திறந்திருக்கும். ஒன்று என் மேசைக் கணினி, ஒன்று புரோகிராம் எழுதும் சர்வர், மற்றதெல்லாம் டெஸ்ட் ஃப்ளோரில் உற்பத்தியோடு ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள். எல்லாவற்றிலும் கர்சருக்கு முன்னால் ஒரே சாயலில் ஒரு நீண்ட வரி; அதுதான் ப்ராம்ப்ட். எங்கள் டைரக்டரிகள் தயாரிப்பு, லாட் (ஒரே தொகுதியாக வரும் சிப்கள்), வேஃபர் (சிப்கள் பதிந்த வட்டத் தகடு) என்று உள்ளே உள்ளே போகும். பாதையே பாதித் திரையை எடுத்துக்கொள்ளும். கமாண்ட் அடிக்க ஆரம்பித்தவுடன் அடுத்த வரிக்கு மடங்கிவிடும்.

இதற்கு வழி கேட்டால் பெரும்பாலோர் ஒரு தீம் தொகுப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அவை அழகானவைதான். ஆனால் டெஸ்ட் ஃப்ளோர் மெஷின்களுக்கு இணையம் கிடையாது. புதிதாக எதை நிறுவவும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். டெர்மினலில் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டுவது ஷெல். சில மெஷின்களில் ஃபிஷ் என்ற ஷெல் ஏற்கெனவே இருந்தது, மற்றவற்றில் பாஷ் என்ற ஷெல் மட்டும். அதனால் ஷெல்லோடு கூடவே வருவதை மட்டும் வைத்துச் செய்வது என்று முடிவெடுத்தேன். செய்து முடித்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை: தினசரி வேலைக்கு வேண்டியது முழுக்க ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது. பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

ஃபிஷ் 2005-இல் வெளிவந்த ஷெல். பாஷில் ப்ராம்ப்ட் என்பது பிஎஸ்1 என்ற ஒரு மாறி. அதற்குள் பின்சாய்வுக் கோடு போட்ட குறியீடுகளை அடுக்க வேண்டும். ஃபிஷில் அது ஒரு ஃபங்ஷன். பெயர் ஃபிஷ்_ப்ராம்ப்ட். அது எதை அச்சிடுகிறதோ அதுவே ப்ராம்ப்ட். ஒரு கமாண்ட் முடிந்து அடுத்ததற்கு இடம் விடும்போதெல்லாம் ஷெல் அதைக் கூப்பிடும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சாதாரணமாக ஸ்கிரிப்ட் எழுதுவது போலத்தான்.

முதலில் இருப்பதைப் பார்த்தேன். 'ஃபங்ஷன்ஸ் ஃபிஷ்_ப்ராம்ப்ட்' என்று அடித்தால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராம்ப்டின் முழு நிரலும் திரையில் வரும். 'ஃபிஷ்_கான்ஃபிக் ப்ராம்ப்ட் ஷோ' என்று அடித்தால் கூடவே வரும் மாதிரிகள் வரிசையாகத் தெரியும். பிரவுசர் இல்லாத சர்வரிலும் இது வேலை செய்யும். மாதிரிகளை எடுத்துப் படிப்பதுதான் நல்ல பாடம். எந்த வேலைக்கு எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. திருத்துவதற்கு 'ஃபங்க்எட்'. திருத்தியது உடனே நடப்புக்கு வரும், ஆனால் அந்த விண்டோவோடு சரி. பிடித்திருந்தால் 'ஃபங்க்சேவ்' போட்டு நிரந்தரமாக்கலாம், இல்லாவிட்டால் விண்டோவை மூடினால் பழையது திரும்பிவிடும்.

நான் முதலில் கை வைத்தது பாதையில். அதற்கென்றே ப்ராம்ப்ட்_பிடபிள்யூடி என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஹோம் டைரக்டரியை ~ ஆக்கி, நடுவில் உள்ள ஒவ்வொரு பெயரையும் முதல் எழுத்தாகச் சுருக்கி, கடைசிப் பெயரை மட்டும் முழுதாக விடும். '~/டேட்டா/சோதனை/தயாரிப்பு/லாட்4471/வேஃபர்07/ரிசல்ட்' என்பது '~/ட/ச/த/ல/வ/ரிசல்ட்' ஆகும். சுருக்கம் சரி, ஆனால் எங்களுக்கு லாட் எண் தெரியாமல் வேலை நடக்காது. ஃபிஷ்_ப்ராம்ப்ட்_பிடபிள்யூடி_ஃபுல்_டிர்ஸ் என்ற மாறிக்கு 3 என்று மதிப்புக் கொடுத்தேன். கடைசி மூன்று பெயர்களும் முழுதாக வந்தன: '~/ட/ச/த/லாட்4471/வேஃபர்07/ரிசல்ட்'. 'செட்' கமாண்டுக்குப் பெரிய 'யூ' கொடுத்து வைத்தால் அது யூனிவர்சல் மாறி ஆகும். அந்த மெஷினில் அதே பயனருக்குத் திறந்திருக்கும் எல்லா ஃபிஷ் விண்டோவிலும் உடனே மாறும், மறுநாளும் இருக்கும்.

அடுத்தது மெஷின் பெயர். டீமில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் சுங்கை நிபோங் மாமாக் கடையில் சாப்பிடும்போது சொன்னார்: "அண்ணே, எந்த மெஷின்ல நிக்கிறேன்னு ஒவ்வொரு தடவையும் வரியைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. கலர்லயே தெரியற மாதிரி செய்ய முடியாதா?" முடியும். ப்ராம்ப்ட்_லாகின் என்ற ஃபங்ஷன் பயனர் பெயரையும் மெஷின் பெயரையும் சேர்த்துத் தரும்; எஸ்எஸ்எச் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் இன்னொரு மெஷினிலிருந்து நுழைந்திருந்தால் மெஷின் பெயருக்கு வேறு நிறம் வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு. எங்களுக்கு அது போதவில்லை. புரோகிராம் எழுதும் சர்வரும் எஸ்எஸ்எச்தான், உற்பத்தி மெஷினும் எஸ்எஸ்எச்தான். அதனால் ஃபங்ஷனுக்குள் ஒரு 'ஸ்விட்ச்' வைத்து, மெஷின் பெயர் எந்த எழுத்துகளில் தொடங்குகிறது என்று பார்த்து நிறத்தைத் தீர்மானித்தேன். ஃபிஷின் ஸ்விட்சில் நட்சத்திரக் குறி போட்டே பெயரைப் பொருத்திவிடலாம். உற்பத்தி மெஷின் என்றால் பெயரின் பின்னணியில் சிவப்புப் பட்டை. 'செட்_கலர்' கமாண்டுக்கு 'பேக்கிரவுண்ட் ரெட்' என்று கொடுத்தால் போதும். பெயர் முடிந்ததும் 'செட்_கலர் நார்மல்' போட்டு நிறத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ப்ராம்ப்டில் அடுத்து வருவதும் சிவப்பிலேயே ஓடும்.

எங்கள் டீமில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. அதனால் உற்பத்தி மெஷின்களுக்குப் பெயருக்கு முன் ஒரு ஆச்சரியக்குறியும் வைத்தேன். நிறத்தை மட்டும் நம்பி எந்தத் தகவலையும் ப்ராம்ப்டில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி. எங்கள் டெஸ்ட் பதிவுகள் ஜீஜிப்பில் சுருங்கியிருக்கும். 'ஜீகேட்' மூலம் விரித்து, 'கிரெப்' மூலம் வடிகட்டி, 'சார்ட்' மூலம் வரிசைப்படுத்துவது அன்றாட வேலை. ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் இந்தத் தொடருக்குப் பைப் என்று பெயர். சுருங்கிய கோப்பு பாதியில் அறுந்திருந்தால் ஜீகேட் தோல்வி என்று சொல்லும். ஆனால் பைப்பின் கடைசியில் இருக்கும் சார்ட் கிடைத்ததை ஒழுங்காக வரிசைப்படுத்திவிட்டு வெற்றி என்று முடிக்கும். ஷெல்லின் ஸ்டேட்டஸ் மாறியில் வருவது கடைசிக் கமாண்டின் பதில்தான், அதாவது வெற்றியைக் குறிக்கும் பூஜ்யம். ஜீகேட்டின் எச்சரிக்கை வரி, அதற்குப் பின் கொட்டும் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு மேலே மறைந்துவிடும். கையில் இருப்பது பாதி டேட்டா, பார்வைக்கு முழு டேட்டா.

ஃபிஷில் பைப்ஸ்டேட்டஸ் என்ற மாறி, பைப்பில் உள்ள ஒவ்வொரு கமாண்டின் பதிலையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. அதை அழகாக அச்சிடக் கூடவே ஒரு துணை ஃபங்ஷனும் வருகிறது. அதன் நிரலைத் திறந்து படித்தபோதுதான் கவனித்தேன்: கடைசிக் கமாண்ட் தோற்றிருந்தால் மட்டுமே அது அச்சிடும். எங்கள் நிலைமையில் தோற்பது முதல் கமாண்ட். ஆகவே அந்த இடத்தில் நானே எழுதினேன். பதில்களில் எதாவது ஒன்று பூஜ்யம் இல்லை என்றால், 'ஸ்ட்ரிங் ஜாயின்' கொண்டு எல்லா எண்களையும் நேர்க்கோடு போட்டு ஒட்டிக் காட்டுவது. '1|0|0' என்று ப்ராம்ப்டில் வந்தால் முதல் கமாண்டில் கோளாறு என்று பார்த்தவுடன் தெரிகிறது. தேடியது கிடைக்காவிட்டாலும் கிரெப் 1 என்றுதான் சொல்லும்; அது தவறில்லை. அதனால் கடைசிக் கமாண்ட் தோற்றால் சிவப்பு, அதற்கு முன் எங்கோ என்றால் மஞ்சள்.

இதில் வரிசை முக்கியம். ஃபிஷ்_ப்ராம்ப்ட் ஃபங்ஷனின் முதல் வேலையே பைப்ஸ்டேட்டஸை ஒரு உள் மாறியில் எடுத்து வைப்பதாக இருக்க வேண்டும், அடுத்த வரியில் ஸ்டேட்டஸ். அதற்கு முன் வேறு எந்தக் கமாண்டை ஓட்டினாலும், பயனர் அடித்த கமாண்டின் பதில் போய், ப்ராம்ப்ட் தானே ஓட்டியதன் பதில் வந்து உட்கார்ந்துவிடும்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் எந்தப் பிராஞ்சில், அதாவது எந்தக் கிளையில் இருக்கிறோம் என்று காட்ட ஃபிஷ்_விசிஎஸ்_ப்ராம்ப்ட் என்று ஒரு வரி போதும். கிட், மெர்க்கூரியல் இரண்டையும் பார்த்துக்கொள்ளும்; சப்வெர்ஷன் மெதுவாக ஓடும் என்பதால் அணைத்தே வைத்திருக்கிறார்கள். மாற்றிய கோப்புகள் இருக்கின்றனவா என்ற குறியும் வேண்டுமென்றால் தனியாக இயக்க வேண்டும். நெட்வொர்க் டிஸ்கில் உள்ள பெரிய ரெப்போவில் (கிட் பார்த்துக்கொள்ளும் கோப்புத் தொகுப்பு) அந்தக் குறி ஒவ்வொரு எண்டருக்கும் இழுத்தடிக்கிறது. அந்த ரெப்போவில் மட்டும் கிட் கான்ஃபிகில் 'பாஷ்.ஷோடர்ட்டிஸ்டேட்' என்பதைப் பொய் என்று வைத்தால் ஃபிஷும் அதை மதிக்கிறது.

வலது ஓரத்துக்கு ஃபிஷ்_ரைட்_ப்ராம்ப்ட். அங்கே ஒரு கமாண்ட் எவ்வளவு நேரம் ஓடியது என்பதை வைத்தேன். சிஎம்டி_டியூரேஷன் மாறி மில்லிசெகண்டில் தரும். ஆயிரத்தால் வகுத்து, ஐந்து விநாடிக்கு மேல் ஓடியிருந்தால் மட்டும் காட்டும்படி எழுதினேன். நீளமான கமாண்ட் அடிக்கும்போது வலது பக்கம் தானாக மறைந்து வழிவிடும்.

'சரி', 'தவறு' என்று தமிழிலேயே காட்டவும் ஆசை இருந்தது. டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறது; நம் எழுத்துகள் அதில் நெரிபடுகின்றன, கொம்பும் காலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. எங்கள் டெர்மினலில் படிக்க முடியவில்லை. எண்ணோடு நிறுத்திக்கொண்டேன்.

பாஷ் மட்டும் உள்ள மெஷின்களில் இதையே பிஎஸ்1 வழியாகச் செய்தேன். ப்ராம்ப்ட்_டிர்ட்ரிம் என்ற மாறிக்கு 3 கொடுத்தால் பாதையின் கடைசி மூன்று பெயர்கள் மட்டும் நிற்கும், பாஷ் 4.0 முதல் இது உண்டு. ப்ராம்ப்ட்_கமாண்ட் மாறியில் ஒரு ஃபங்ஷன் பெயரை வைத்தால், ப்ராம்ப்ட் வருவதற்கு முன் அது ஒவ்வொரு தடவையும் ஓடும். பைப்ஸ்டேட்டஸ் பாஷிலும் இருக்கிறது. அதையும் கடைசிப் பதிலையும் ஒரே வரியில் சேர்த்தே எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் பாஷில் ஒன்றை எடுத்து வைப்பதே மற்றதை மாற்றிவிடும்.

நிறக் குறியீட்டைப் பின்சாய்வுக் கோடு போட்ட சதுர அடைப்புக்குள் வைப்பதும் பாஷில் கட்டாயம். திரையில் இடம் பிடிக்காத எழுத்துகள் இவை என்று அப்போதுதான் அதற்குப் புரியும். வைக்காவிட்டால் அகலக் கணக்குத் தப்பி, நீண்ட கமாண்ட் அடிக்கும்போது வரி தன் மேலேயே திரும்ப எழுதிக்கொள்ளும். ஃபிஷ் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது.

அந்தத் தங்கச்சியின் பாஷில் பிராஞ்ச் பெயர் மட்டும் மாறாமல் 'மெயின்' என்றே நின்றது. பிஎஸ்1 வரியை இரட்டை மேற்கோளில் எழுதியிருந்தார். இரட்டை மேற்கோள் என்றால் உள்ளே இருக்கும் கமாண்ட், மதிப்புக் கொடுக்கும் அந்த நொடியிலேயே ஒரு முறை ஓடி, விடை உறைந்துவிடும். ஒற்றை மேற்கோளுக்கு மாற்றியதும் ஒவ்வொரு ப்ராம்ப்டுக்கும் புதிதாக ஓடத் தொடங்கியது.

ஃபிஷில் எல்லாம் முடிந்து கையில் மிஞ்சுவது ஒரே ஒரு கோப்பு. ஹோம் டைரக்டரியில் 'டாட் கான்ஃபிக்', அதற்குள் 'ஃபிஷ்', அதற்குள் 'ஃபங்ஷன்ஸ்' என்ற இடத்தில் அது உட்கார்ந்திருக்கும். வலது ஓரமும் வேண்டுமென்றால் இன்னொன்று. யூனிவர்சல் மாறி இந்தக் கோப்போடு போகாது என்பதால், பாதைக்கான அந்த 3-ஐயும் ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதிவிட்டேன். புது மெஷினுக்குப் போனால் எஸ்சிபி-யில் அனுப்பிவிட்டு ஃபிஷைத் திறப்பதோடு வேலை முடிந்தது.