இரவல் ஆயுதங்கள்

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் சாயங்காலம் வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் நடந்து பாருங்கள். லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மிஷின்), வெல்டிங், மெக்கானிக் கடை எதுவானாலும் வாசலில் வாழைக்கன்று கட்டியிருக்கும், உள்ளே பொரியும் கற்பூரமும் மணக்கும். வியாசர்பாடியில் ஒரு சின்ன லேத் பட்டறையில்தான் நான் தொழில் கற்றேன். இன்றும் அதே தொழில்தான்.

ஆயுத பூஜை என்றால் எங்களுக்கு முதலில் துடைக்கிற வேலை. லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் தாடைகளைக் கழற்றி டீசலில் ஊறப் போடுவோம். மிஷினுக்கு அடியில் சேர்ந்த இரும்புச் சுருளை வாரிக் கொட்டுவோம். அளவு பார்க்கும் வெர்னியர், மைக்ரோமீட்டர், ட்ரில் பிட், ஸ்பேனர் எல்லாம் குளித்துவிட்டு வந்த மாதிரி வாழையிலையில் வரிசையாக இருக்கும். சந்தனம், குங்குமம் வைத்தானதும் மேஸ்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். "இன்னிக்கு அது சாமி. யாரும் கை வைக்கக் கூடாது." அவசரம் என்று பார்ட்டி வந்து நின்றாலும் சரி, மறுநாள்தான். (பூசணிக்காயை மட்டும் நடுரோட்டில் உடைக்க விடமாட்டார். வண்டி சறுக்கி யாராவது விழுந்தால் அந்தப் பாவம் நம்மைச் சேரும் என்பார். இதை எல்லாப் பட்டறைகளும் பின்பற்ற வேண்டும்.)

தேவி மாகாத்மியத்தில் மகிஷனை அழிக்க அம்மன் தோன்றும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். தேவர்கள் எல்லோருடைய ஒளியும் சேர்ந்துதான் அவள் உருவமே. சிவன் தன் சூலத்திலிருந்து ஒரு சூலம் எடுத்துத் தருகிறார், விஷ்ணு தன் சக்கரத்திலிருந்து ஒரு சக்கரம். இந்திரன் வஜ்ஜிரம், இமவான் சிங்கம். அந்த வரிசையில் தேவர்களின் சிற்பியான விசுவகர்மாவும் நிற்கிறார், கோடரியும் கவசமும் கொடுக்க. போரில் ஜெயிப்பவள் கையில் இருப்பது அத்தனையும் பிறர் தந்தது.

என் கையில் இருப்பதும் அப்படித்தான். மைக்ரோமீட்டரை அழுத்தாமல் பிடிக்கக் கற்றுத் தந்தவர் மேஸ்திரி. மரை வெட்ட கியர் கணக்கு சொல்லித் தந்தவர் பக்கத்து மிஷின் அண்ணன். இரும்பை வெட்டும் டூல் பிட்டைக் கோணம் பார்த்துத் தீட்டச் சொல்லிக் கொடுத்தவர் காசிமேட்டிலிருந்து வந்த கிறிஸ்தவ அண்ணன். பூஜையன்று அவரும் எங்களோடு நின்று பொரி வாங்கிக்கொள்வார். தொழில் கைக்கு வந்த பிறகு இதெல்லாம் மறந்துபோகும். நான் இல்லாவிட்டால் இந்த மிஷின் ஓடாது என்று தோன்றும். மகிஷன் எருமையாகவும் சிங்கமாகவும் மனிதனாகவும் யானையாகவும் மாறி மாறி வருகிறானே, பட்டறையில் அந்தக் கர்வமும் அப்படித்தான்: திருத்தினால் கோபமாகும், புதுப் பையன் நன்றாகச் செய்தால் பொறாமையாகும். வருஷத்தில் ஒரு நாள் கருவியைக் கீழே வைத்துக் கும்பிடச் சொன்னதன் அர்த்தம் எனக்கு இங்கேதான் பிடிபடுகிறது.

மேஸ்திரி வெள்ளிக்கிழமை தவறாமல் தம்புசெட்டித் தெரு காளிகாம்பாளைப் பார்க்கப் போவார். ஆசாரிகளான விசுவகர்ம மக்கள் பரம்பரையாகக் கொண்டாடும் கோயில் அது. 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கினார் என்பார்கள். வாளோடு வந்த அரசன் நின்ற சந்நிதியில்தான் உளி பிடித்த ஆசாரியும் நிற்கிறார்.

விஜயதசமி காலையில் மறுபடி மிஷினைப் போடுவோம். முதல் வேலையை, கடைசியாகச் சேர்ந்த பையனிடம் கொடுப்பது மேஸ்திரி ஏற்படுத்திய வழக்கம். இப்போது அந்தப் பொறுப்பு என்னுடையது. சில பட்டறைகளில் ஓனர்தான் ஓட்டித் தொடங்கி வைப்பார். அம்மன் கதைக்கு எங்கள் வழக்கம்தான் நெருக்கமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.