ஊசி போட்டும் ஏறாத ஹீமோகுளோபின்

என் அம்மாவுக்கு 62 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் நான்காம் நிலைக்குப் பழுதடைந்திருக்கின்றன என்று தெரிந்த நாளிலிருந்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் எரித்ரோபொய்ட்டின் ஊசிகளுக்கென்றே ஒரு தட்டு உண்டு. எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உருவாக்கும் இந்த ஹார்மோனைப் பெரும்பாலும் சிறுநீரகமே சுரப்பதால், அது பழுதாகும்போது இரத்தச்சோகையும் கூடவே வருகிறது. இரும்புச்சத்தையும் சலைனில் கலந்து ஏற்றினார்கள்.

நான்கு மாதங்கள் ஆகியும் ஹீமோகுளோபின் 7.8-இலிருந்து 8.3-ஐத் தாண்டவில்லை. சித்திரை வெயிலில் அம்மா போர்வை கேட்டார். முகம் உப்பியது, குரல் கரகரத்தது, மலச்சிக்கல் வாட்டியது. மருத்துவமனையில் கேட்டபோதெல்லாம், "கிட்னி நோயாளிக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்றார்கள். அதை நானும் நம்பியிருந்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஊசியின் அளவைக் கூட்டலாம் என்றபோதுதான் பயந்தேன். அளவு கூடக்கூட இரத்த அழுத்தம் ஏறவும் பக்கவாதம் வரவும் வாய்ப்பு அதிகம் என்று படித்திருந்தேன். புதுச்சேரியில் வேறொரு சிறுநீரக மருத்துவரிடம் அம்மாவைப் பேருந்தில் அழைத்துச் சென்றேன். அவர் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து, இரும்புச்சத்து போதுமான அளவு இருக்கிறது என்றார். பிறகு அம்மாவிடமே, "எப்போதிலிருந்தும்மா குளிருகிறது?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அதுவரை எவரும் கேட்டதில்லை. தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் எடுக்கச் சொன்னார். நாட்பட்ட நோயில் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் தானாகவே குறையக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றும் விளக்கினார். டி.எஸ்.எச். இயல்பைவிடப் பல மடங்கு கூடி 46 இருந்தது; தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று அதற்குப் பொருள். தைராய்டு சுரப்பு குறைந்தால் மஜ்ஜையின் வேலையும் மந்தமாகும். எரித்ரோபொய்ட்டின் ஊசிக்கு உடல் சரியாக இணங்காது.

தைராய்டு மாத்திரையை 25 மைக்ரோகிராமில் தொடங்கினோம். ஆறு வாரம் கழித்தும் டி.எஸ்.எச். 39-இலேயே நின்றது. தவறு எங்கள் வீட்டில்தான் நடந்திருந்தது: காலை ஆறு மணிக்கு அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்ட அம்மா, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தரப்பட்ட கால்சியம் மாத்திரையை எட்டு மணிக்கு இட்லியோடு சாப்பிட்டு வந்திருக்கிறார். கால்சியமும் இரும்பு மாத்திரையும் தைராய்டு மருந்தைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுப்பவை என்பதால், இடையில் நான்கு மணி நேரமாவது வேண்டும். மருத்துவரிடம் சொன்னபோது, கால்சியத்தை மதிய, இரவு உணவுகளுக்கு மாற்றித் தந்து, தைராய்டு மருந்தின் அளவையும் படிப்படியாகக் கூட்டினார்.

ஐந்து மாதங்களில் டி.எஸ்.எச். 5.1-க்கு இறங்கியது, ஊசியின் அளவைக் கூட்டாமலேயே ஹீமோகுளோபின் 10.4 ஆனது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினும் இரத்தத்தில் 3.1-இலிருந்து 2.7-க்குக் குறைந்ததைக் கண்டு, சிறுநீரகம் குணமாகிவிட்டதோ என்று ஆவலோடு கேட்டேன். தைராய்டு குறைவால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தளர்ந்திருந்ததுதான் சீராகியிருக்கிறது, பழைய பழுது அப்படியே இருக்கிறது என்றார் மருத்துவர். ஆகவே பின்னாளில் டயாலிசிஸுக்காகக் கையின் இரத்தக் குழாய்களை இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலாவுக்காக அம்மாவின் இடது கையில் ஊசி குத்தாமல் காத்துவருகிறோம்.