ஃபார்முலா காரில் பையனை உட்கார வைக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது

வரப்போகும் சீசனில் என் மகன் எல்ஜிபி ஃபார்முலா 4 என்ற தொடரில், ஒருவர் மட்டும் உட்காரும் ரேஸ் காரை ஓட்டப் போகிறான். 16 வயது. நாலு வருடம் கார்ட்டிங், அதாவது சின்ன ரேஸ் வண்டி, ஓட்டியவன், அதனால் அடுத்த படி சுலபமாகத்தான் இருக்கும் என்று நம்பி இறங்கினோம், ஆனால் லைசென்ஸ், மெடிக்கல், ஹெல்மெட், சீட் என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்து முடிக்க ஐந்து மாதம் ஓடிவிட்டது. முன்கூட்டியே சொல்ல எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. இதே எண்ணத்தில் இருக்கும் அப்பா அம்மாக்களுக்காக எழுதுகிறேன்.

முதல் குழப்பம், எந்த கிளாஸில் சேர்ப்பது என்பது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் ரேஸ் நடந்ததே, அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஓட்டினால் ஃபார்முலா 4 இந்தியன் சாம்பியன்ஷிப்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஆசையில் தப்பில்லை. உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவின் அங்கீகாரம் பெற்ற தொடர், கார்பன் ஃபைபர் உடல், டர்போ இன்ஜின், ஸ்டீயரிங்குக்குப் பின்னாலேயே கியர். ஆனால் அந்தச் செலவு எங்கள் கைக்கு எட்டாது. எல்ஜிபி கார் வேறு மாதிரி: இரும்புக் குழாய்ச் சட்டம், மாருதியின் 1300 சிசி இன்ஜின், கையால்தான் கியர் மாற்ற வேண்டும், இறக்கை கிடையாது. இறக்கை இல்லாததால் வளைவில் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கக் காற்று துணைக்கு வராது, சின்னத் தப்பு செய்தாலும் கார் நழுவி உடனே காட்டிக்கொடுத்துவிடும். கற்றுக்கொள்ளும் வயதுக்கு இதுதான் சரியான கார் என்று நான் முடிவெடுத்தேன். டெஸ்ட் ஓட்டிவிட்டு வந்த அன்றைக்கு அவனும் அதையே சொன்னான்.

பயிற்சி எங்களுக்குப் பக்கத்திலேயே, கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில். 2.1 கிலோமீட்டர் ட்ராக். கரி என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது அங்கே போகும் பல பையன்களுக்கே தெரியாது. ஃபார்முலா மாருதி காரை உருவாக்கி, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஃபார்முலா கார் ஓட்டலாம் என்று ஆக்கியவர் கரிவர்தன். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அந்த மாருதி காரில்தான்.

பயிற்சிச் சான்றிதழ் வந்த பிறகு, இந்திய மோட்டார் ரேஸ் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் லைசென்ஸ். மெடிக்கல் படிவம், ரத்தப் பிரிவு, 18 வயது ஆகாததால் பெற்றோர் சம்மதம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பினால், டாக்டரின் பதிவு எண் இல்லை என்று மெடிக்கல் படிவம் திரும்பி வந்துவிட்டது. அவர் முத்திரை போட்டிருந்தார், எண்ணை எழுதவில்லை. அந்த ஒரு எண்ணுக்காகப் பன்னிரண்டு நாள் போனது. கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்குள் படிவத்தை ஒரு தடவை வரிவரியாகப் பார்த்துவிடுங்கள்.

ஹெல்மெட்டில் பெரிய அடி. கடைக்காரர் சொன்னதை நம்பி நல்ல விலை கொடுத்து ஒன்று வாங்கினோம், ஸ்க்ரூட்டினி என்ற பாதுகாப்புப் பரிசோதனையில் உள்பக்க ஸ்டிக்கரைப் பார்த்ததும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். அது பைக் ஹெல்மெட். ஹெல்மெட்டுகளைச் சோதித்துத் தரச்சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் ஸ்டிக்கரில் 'எம்' என்று இருந்தால் மோட்டார்சைக்கிளுக்கு, 'எஸ்ஏ' என்று இருந்தால் காருக்கு. கார் ஹெல்மெட்டுக்குத் தீ தாங்கும் சோதனையும் உண்டு, பைக்குக்கு அது கிடையாது. அவர்கள் தள்ளியதில் எனக்கு வருத்தமே இல்லை. தீ என்ற வார்த்தையைக் கேட்டதும் என் மனைவி அன்றைக்கே போய் தீ தாங்கும் உள்ளாடையும் கையுறையும் வாங்கி வந்துவிட்டாள்.

அப்புறம் சீட். டீமில் சீட் கிடைப்பதைச் சொல்லவில்லை, உட்காரும் சீட். காக்பிட்டுக்குள் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதன்மேல் அவனை உட்கார வைத்து, இரண்டு திரவங்களைக் கலந்து பைக்குள் ஊற்றினார்கள். சில நொடிகளில் நுரை பொங்கி முதுகைச் சுற்றி ஏறத் தொடங்கியது. "சுடுதுப்பா" என்றான். அசையாதே, ஓட்டும்போது எப்படி உட்காருவாயோ அப்படியே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள் என்றார் மெக்கானிக். கால் மணி நேரம் அப்படியே இருந்தான். இறுகிய பிறகு எடுத்துப் பார்த்தால் அவன் முதுகெலும்புக் குழி வரை அதில் பதிந்திருந்தது. இதை அவசரமாக முடிக்காதீர்கள், அன்று கோணலாக உட்கார்ந்தால் சீசன் முழுக்க விலா வலிக்கும்.

அதே சீட்டோடு வெளியேறும் பயிற்சியும் செய்தோம். பெல்ட்டைத் திறந்து, ஸ்டீயரிங்கைக் கழற்றி, எழுந்து வெளியே குதிக்க வேண்டும். முதல் தடவை கழுத்துக் காப்புப் பட்டையில் கையுறை மாட்டிக்கொண்டு தடுமாறினான், எனக்கு அடிவயிறு கலங்கிப்போனது. பத்துப் பன்னிரண்டு முறை செய்த பிறகு கண்ணை மூடிக்கொண்டே வெளியே வந்தான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

பணம் பற்றி ஒன்று மட்டும். என்ட்ரி கட்டணம், டயர், டெஸ்ட் நாட்கள், காருக்கு சேதம் வந்தால் யார் எவ்வளவு தருவது, எல்லாவற்றையும் டீமிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மோதல் செலவைப் பற்றி யாரும் முதலில் பேச மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இப்போது அந்த நுரை சீட் எங்கள் ஹாலில் டேப் சுற்றிக் கிடக்கிறது. வலது தோள் பக்கம் கொஞ்சம் உறுத்துகிறதாம், கியர் மாற்றும்போது முழங்கை இடிக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தைச் செதுக்க வேண்டும்.