கோர்பூட்டில் வேண்டாத வரிகளைக் களைதல்: இதுவரை நடந்தது

கோர்பூட் என்பது பயாஸுக்குப் பதிலாக இயங்கும் திறமூல பர்ம்வேர். இன்டெலின் ஐவி பிரிட்ஜ் ப்ராசஸர் காலத்து லேப்டாப் போர்டு (மதர்போர்டு) ஒன்றுக்கான அதன் நிரலை எடுத்து வைத்துக்கொண்டு, தேவையில்லாத வரிகளைக் களைந்துகொண்டிருக்கிறேன். புதிய வசதி எதுவும் சேர்க்கப்போவதில்லை, கழிப்பது மட்டும்தான் வேலை.

கோர்பூட் 1999இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கியது, 2008இல் இந்தப் பெயருக்கு மாறியது. இத்தனை வயதான நிரலில் குப்பை சேராமல் இருக்குமா? புதிய போர்டுக்கு எழுதுபவர், அதற்கு நெருங்கிய போர்டின் ஃபோல்டரை நகலெடுத்துத்தான் தொடங்குவார். திரையில் ஏதாவது தெரிந்ததும் மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவார். இந்தத் தலைமுறைக்கு ஆட்டோபோர்ட் என்ற கருவியும் உண்டு. அசல் பயாஸில் இயங்கும் கணினியின் ரிஜிஸ்டர்களை (வன்பொருளின் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடங்களை) படித்து, போர்டுக்கான நிரலை அதுவே எழுதித் தரும். வேலையை மிச்சப்படுத்தும் கருவிதான். ஆனால் அது தருவதை ஒரு மனிதர் உட்கார்ந்து சலித்தாக வேண்டும்.

முதலில் சுலபமானவை. டிவைஸ்ட்ரீயில், அதாவது போர்டின் சாதனங்களையும் அவற்றின் அமைப்புகளையும் பட்டியலிடும் கோப்பில், ஒரு அமைப்புக்குப் பூஜ்யம் என்று எழுதியிருந்தால் அந்த வரி வீண். அதிலிருந்து உருவாகும் சி ஸ்ட்ரக்சரில், மதிப்புக் கொடுக்காத உறுப்பு எப்படியும் பூஜ்யம்தான். சிப்செட் அளவிலேயே அணைத்து வைத்திருக்கும் சாதனத்தைப் போர்டு மறுபடியும் அணைப்பதும் அப்படியே. இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, பில்ட்_டைம்லெஸ்=1 என்று போட்டு, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் பில்டு செய்தேன். இந்த அமைப்பு தேதி, நேரம் போன்றவை இமேஜுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டு இமேஜின் ஹாஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒன்றாக வந்தால் பைட்டுக்குப் பைட்டு அதே பர்ம்வேர், லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். வேறொரு ஹெடர் கோப்பைச் சேர்க்கும் இன்க்லூட் வரி ஒன்றை எடுத்தால் கீழே உள்ள வரி எண்கள் எல்லாம் நகருமே, அசெர்ட் (நிரல் தன்னைத் தானே சரிபார்க்கும் வரி) தரும் பிழைச் செய்தியில் அது மாறித் தெரியாதா என்று யோசித்தேன். அதற்கும் முன்பே வழி செய்திருக்கிறார்கள். டைம்லெஸ் பில்டில் எல்லா அசெர்ட்டுக்கும் வரி எண் 404. யாரோ ரசித்துச் செய்த வேலை.

இந்தச் சோதனையை மனதில் வைத்துப் பேட்ச்களை இரண்டு வகையாகப் பிரித்துவிட்டேன்: ஹாஷ் மாறாதவை ஒரு பக்கம், மாறுபவை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே கமிட்டில் கலப்பதில்லை. முதல் வகையை ரிவ்யூ செய்பவர் என் பேச்சை நம்ப வேண்டியதில்லை, அவரே பில்டு செய்து பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் யாரும் அழைக்காத ஃபங்ஷன்கள். ஸ்டாட்டிக் ஃபங்ஷன் என்றால் கம்பைலரே காட்டிக்கொடுத்துவிடும். மற்றவற்றை கிரெப் என்ற சொல் தேடும் கருவியால்தான் தேட வேண்டும். ஆனால் பர்ம்வேரில் கிரெப்பை முழுசாக நம்ப முடியாது. பொது நிரலில் வீக் என்று குறித்த ஒரு வெற்று ஃபங்ஷன் இருக்கும், போர்டு அதே பெயரில் தன்னுடையதை எழுதி அதை மீறும். போர்டு ஃபோல்டருக்குள் மட்டும் தேடினால், அது யாருமே அழைக்காத அனாதை போலத் தெரியும். அழித்தாலோ கம்பைலர், லிங்கர் இரண்டுமே வாய் திறக்காது, வெற்று ஃபங்ஷன் சத்தமில்லாமல் அந்த இடத்துக்கு வந்துவிடும். பிசிஐ டிரைவர் ஸ்ட்ரக்சர்களும் இந்த ரகம். அவற்றை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. லிங்கர் அவற்றை ஒரு தனி செக்‌ஷனில் வரிசையாக அடுக்கும், நிரல் அந்த வரிசையை நடந்து பார்க்கும். நான் எடுத்தது, போர்டு ஃபோல்டரில் நகலெடுத்து விடப்பட்ட வெற்று ஃபங்ஷன்களை மட்டும்தான். வெறுமையை வெறுமையால் மீறுவதில் என்ன பயன்?

இதனால் இமேஜ் சுருங்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரிதாகச் சுருங்காது. எங்கிருந்தும் எட்டாத ஃபங்ஷன்களை லிங்கர் முன்பே கழித்துவிடுகிறது. மிச்சமாவது அடுத்து படிப்பவரின் நேரம்.

ஏசிபிஐ என்பது பேட்டரி, மூடி சுவிட்ச் போன்றவற்றை இயங்குதளத்துக்கு விவரிக்கும் பகுதி, அதை எழுதும் மொழி ஏஎஸ்எல். அங்கே பழைய ஸ்டோர், ஆட் வடிவங்களைப் புதிய ஏஎஸ்எல் 2.0 வடிவத்துக்கு மாற்றினேன். பெரும்பாலும் அதே பைட்டுகள்தான் வந்தன. கூட்டலின் விடையை ஸ்டோர் வழியாக இன்னொரு மாறியில் வைத்த இடங்களில் மட்டும் மாறியது. ‘சி = ஏ + பி’ என்று எழுதினால் ஐஏஎஸ்எல் கம்பைலர் அந்த ஸ்டோரை விழுங்கி, கூட்டலுக்குள்ளேயே இலக்கை வைத்துவிடுகிறது. பொருள் மாறவில்லை, ஹாஷ் மாறுகிறது. அவை இரண்டாம் வகைக்குப் போயின.

உண்மையில் நேரம் பிடித்தது ரிஜிஸ்டர் வரிகள்தான். ஒரு ரிஜிஸ்டரைப் படித்து, எதையும் மாற்றாமல், அதே மதிப்பை அதிலேயே எழுதும் வரிகள் வருகின்றன. பார்த்ததும் டெலீட் பொத்தானுக்குக் கை போகும். சிப்செட் டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்தால் வேறு கதை. சில ரிஜிஸ்டர்களில் ஒரு முறைதான் எழுத முடியும், எழுதியதும் பூட்டிக்கொள்ளும். அங்கே அதே மதிப்பை எழுதுவதே பூட்டுப் போடும் செயல். ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர்கள் சிலவற்றில் 1 எழுதினால்தான் அந்த பிட் அழியும், அதனால் படித்ததையே திருப்பி எழுதுவது துடைப்பதற்குச் சமம். எழுதிய உடனே ஒருமுறை படித்து விடையைத் தூக்கி எறிவதற்கும் காரணம் உண்டு. பிசிஐ வழியில் எழுதிய மதிப்புகள் இடையில் தேங்கி நிற்கலாம், படித்தால் அவை சாதனத்தைப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இவற்றில் பலவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கமெண்ட் கூட இல்லை. என் கருத்தில், வேண்டாத வரியைவிட இந்த மௌனம்தான் பெரிய குறை. எனவே அந்த இடங்களில் நீக்குவதற்குப் பதிலாக ஒரு வரி கமெண்ட் சேர்த்தேன். கழிக்கப் போனவன் கூட்டி வைத்த இடம் அது ஒன்றுதான்.

ஹாஷ் மாறியவற்றை லேப்டாப்பில் எழுதித்தான் பார்க்க வேண்டும். அசல் இமேஜின் நகல், ஃபிளாஷ் சிப்பைக் கவ்வும் கிளிப், வெளியிலிருந்து சிப்பில் எழுதும் புரோகிராமர் கருவி மூன்றும் தயாராக இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. திங்க்பேட் எக்ஸ்230 போன்றவற்றில் 8 எம்பி, 4 எம்பி என இரண்டு ஃபிளாஷ் சிப்கள் உண்டு. ப்ராசஸர் முதல் கட்டளையை 4 ஜிபியின் உச்சிக்கு 16 பைட்டு கீழிருந்து எடுப்பதால் பூட்பிளாக் (கோர்பூட்டில் முதலில் ஓடும் பகுதி) கடைசியில், அதாவது 4 எம்பி சிப்பில் இருக்கும். பூட் ஆவதோடு நிறுத்தாமல் சஸ்பெண்ட் செய்து எழுப்பியும் பார்க்கிறேன், எஸ்3 பாதை, அதாவது சஸ்பெண்டிலிருந்து எழும் பாதை, வேறு என்பதால்.

இப்போதைக்கு முதல் வகை முழுவதும் ரிவ்யூவுக்குப் போய்விட்டது. ஏசிபிஐ பேட்ச் ஓடுகிறது, பேட்டரி அளவும் மூடி சுவிட்சும் சரியாகவே வருகின்றன. அடுத்து இன்க்லூட் வரிகள். அதற்கு ஏபில்டு என்ற கோர்பூட் கருவியை வைத்து எல்லா போர்டுகளையும் பில்டு செய்தாக வேண்டும், ஏனென்றால் ஒரு ஹெடர் எங்கோ ஒரு போர்டில் ஒரே ஒரு கான்ஃபிக்குக்கு மட்டும் தேவைப்படலாம். அதை இரவில் ஓடவிட்டுவிடுவேன்.