வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்பும் முன்: முதல் சம்பளம் வரும்வரைக்கான கணக்கு

வெளிநாட்டில் வேலை உறுதியானதும் பெரும்பாலும் பெட்டி எடையைப் பற்றியே பேச்சு நடக்கும். உண்மையில் பலரும் திணறுவது முதல் சம்பளம் வரும்வரைதான். சம்பளக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். அதற்கு முன்பணத்தோடு முதல் மாத வாடகையும் கட்ட வேண்டும். மாதச் சம்பளப் பட்டியல் மூடிய பிறகு சேர்ந்தால், சம்பளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். எனவே 3 மாதச் செலவுக்கான பணம், அதோடு வீட்டு முன்பணம் தனியாக, கையிருப்பில் இருக்கட்டும். வெவ்வேறு வங்கிகளின் 2 கார்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முடங்கினாலும் சமாளிக்கலாம். நிறுவனம் முன்பணம் தருமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

அடுத்த சிக்கல் ஓடிபி. பழைய சிம்மில் ரோமிங்கை ஊரிலேயே இயக்கிவிடுங்கள். ரீசார்ஜ் விட்டுப்போனால் எண் ரத்தாகி வேறொருவர் கைக்குப் போகக்கூடும். வங்கிக் கணக்குக்குள் நுழையும் வழியும் அடைபடும்.

சான்றிதழ்கள்: இரு நாடுகளுக்கும் இடையே 1961 ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கை (ஒரு நாட்டின் ஆவணத்தை மற்றொரு நாடு ஒரே முத்திரையில் ஏற்பதற்கானது) நடைமுறையில் இருந்தால் அப்போஸ்டில் முத்திரை போதும். இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம் வேண்டும். அதற்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். பட்டச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிஷியல் ஒன்றில் விரிந்தும் மற்றொன்றில் சுருங்கியும் இருந்தாலே விண்ணப்பம் திரும்பி வரலாம்.

மருந்துச் சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதி வாங்குங்கள்.